ஈஸ்ட் கேப்ஸ்யூலைத் தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோது வயிறு கெடாமல் இருக்க ஈஸ்ட் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்கள். நன்றாகவே கேட்டது. நோய் எதிர்ப்புச் சக்திக்கும் நல்லது என்கிறார்களே, தினமும் தொடரலாமா? கீமோதெரபியில் இருக்கும் அம்மாவுக்கும் கொடுக்க நினைக்கிறேன்.

பதில்: முதலில் அம்மா விஷயம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். கேப்ஸ்யூலுக்குள் இருப்பது உயிருள்ள ஈஸ்ட், அதாவது ஒரு வகைப் பூஞ்சை. உங்கள் குடலில் அது சாதுவாக இருந்துவிட்டுப் போய்விடும், ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, அதுவும் மருந்து ஏற்ற கழுத்திலோ மார்பிலோ குழாய் வைத்திருப்பவர்களுக்கு, அது ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறியிருக்கிறது, உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அதனால்தான் 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை இப்படிப்பட்டவர்களுக்கு இதைத் தரவே கூடாது என்று சொன்னது. அம்மாவுக்குக் குழாய் இருந்தால் அவர் பக்கத்தில் வைத்துக் கேப்ஸ்யூலைத் திறக்கக்கூட வேண்டாம், கையில் ஒட்டிய தூளே குழாய் வழியாக உள்ளே போய்விடலாம். எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று ஆசையாக யாருக்குக் கொடுக்கத் தோன்றுமோ அவர்களுக்குத்தான் இது ஆபத்து, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, உங்களுக்கு ஏன் கேட்டது? இதன் பெயர் சாக்கரோமைசிஸ் பௌலார்டி. 1920களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்கள் தப்பித்ததைக் கவனித்த ஆன்ரி பூலார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அந்தப் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை, ஈஸ்ட்டை அல்ல. தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியாகூட அடிபடும்போது இது தாக்குப்பிடித்து, கெட்ட கிருமிகளின் நச்சை முறித்துக் குடல் சுவருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது.

தினமும் என்றால் எனக்கு உடன்பாடில்லை. இது குடலில் தங்கி வளராது, நிறுத்திய சில நாட்களில் வெளியேறிவிடும். எதிர்ப்புச் சக்தி பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி விலங்குகளிடம் பார்த்தது, குடலில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் கூடுகிறது என்பது போல. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் தினமும் சாப்பிட்டால் சளி காய்ச்சல் வராது என்று சொல்ல அது போதாது. அந்தக் காசுக்குப் பருப்பும் காய்கறியும் பழமும் வாங்குங்கள், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளுக்கு அந்த நார்ச்சத்துதான் சாப்பாடு.

அடுத்த முறை ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் அப்போது மட்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சூடான காபி, டீயில் கலந்தால் செத்துவிடும். ஃப்ளூகோனசோல் மாதிரி பூஞ்சைக்கான மாத்திரை சாப்பிடும்போது இதை எடுப்பது வீண். அப்புறம், பேதியோடு காய்ச்சலோ ரத்தமோ வந்தால் கேப்ஸ்யூலை நம்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.