வருமான வரி அசெஸ்மெண்ட் முடிஞ்ச கேஸ்ல 263 நோட்டீஸ், கமிஷனர் எது வரைக்கும் போகலாம்?

கேள்வி: மனை வித்த காசுல வீடு கட்டி மனை லாபத்துக்கு வரி வராம 54எஃப் பிரிவுல விலக்கு கேட்டிருந்தேன், 2022-23 அசெஸ்மெண்ட் இயர். ஸ்க்ரூட்டினி (ரிட்டர்ன விரிவா சோதிக்கறது) வந்துச்சு, விவரம் கேக்கற 142(1) நோட்டீஸ்ல கேட்ட பில்லு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அப்லோட் பண்ணேன், 2024 பிப்ரவரில 143(3) அசெஸ்மெண்ட் ஆர்டர் போட்டு ரிட்டர்ன அப்படியே ஏத்துக்கிட்டாங்க. இப்ப பிரின்சிபல் கமிஷனர் 263ல நோட்டீஸ் விட்டிருக்கார், இண்டீரியர் வேலைக்கு ஆன 14 லட்சத்த அசெஸ்மெண்ட் போட்ட ஆபீசர் சரியா விசாரிக்கலயாம். முடிஞ்ச கேஸ இப்படி திறக்கலாமா சார்? இப்பவே டாக்ஸ் கட்டிடணுமா?

பதில்: இப்ப ஒரு ரூபா கூட கட்ட வேண்டாம் சார். இது டிமாண்ட் நோட்டீஸ் இல்ல, "உங்க ஆர்டர ஏன் திருத்தக் கூடாது"ன்னு கேக்குற நோட்டீஸ், அவ்வளவுதான். ஆனா பதில் போடாம மட்டும் விட்றாதீங்க.

திறக்க அதிகாரம் இருக்கு, ஆனா இஷ்டத்துக்கு திறக்க முடியாது. ஆர்டர் தப்பா இருக்கணும், அந்த தப்பால அரசாங்க வருமானத்துக்கு பாதகமும் வரணும், ரெண்டும் சேர்ந்து இருந்தாதான் 263. ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லன்னா கமிஷனருக்கு அதிகாரமே கிடையாதுன்னு 2000ல மலபார் இண்டஸ்ட்ரியல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. டாக்ஸ் கம்மியா வந்துச்சுங்கறது மட்டும் காரணம் ஆகாது, சட்டத்துல ரெண்டு விதமா பார்க்க இடம் இருந்து ஆபீசர் அதுல ஒண்ண எடுத்திருந்தா, கமிஷனருக்கு இன்னொண்ணு பிடிச்சிருக்குங்கறதுக்காக மாத்த முடியாது. உங்க விஷயத்துல இது நல்லாவே பொருந்தும், ஏன்னா வீட்ட குடியிருக்கற நிலைக்கு கொண்டு வர ஆன செலவும் 54எஃப்ல சேரும்னு வருமான வரி அப்பீல் ட்ரிப்யூனல் தீர்ப்புகள் இருக்கு.

ஆனா ஒண்ணு, மலபார் கேஸ எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, அந்த கம்பெனி அதுல தோத்துப் போச்சுங்கறத யாரும் சொல்ல மாட்டாங்க! ஏன் தோத்தாங்கன்னா, அவங்க காட்டின கணக்க ஆபீசர் எந்த விசாரணையும் இல்லாம, ஆதாரமும் இல்லாம அப்படியே ஒத்துக்கிட்டார். உங்க கேஸும் இந்த இடத்துலதான் நிக்குது. விசாரிக்கவே இல்லன்னா கமிஷனர் வரலாம், விசாரிச்சார் ஆனா இன்னும் ஆழமா விசாரிச்சிருக்கலாம்னா வர முடியாது, இந்த வித்தியாசத்த 2009ல சன்பீம் ஆட்டோ கேஸ்ல டெல்லி ஹைகோர்ட் தெளிவா பிரிச்சு சொல்லுச்சு. அதுக்கப்புறம் 2015ல சட்டத்துல விளக்கம் 2னு ஒண்ணு சேர்த்து, செய்ய வேண்டிய விசாரணைய செய்யலன்னா ஆர்டர் தப்புன்னே வச்சுக்கலாம்னு கொண்டு வந்தாங்க, இப்ப வர்ற முக்காவாசி நோட்டீஸ் இத வச்சுதான் வருது.

அதனால முதல் வேலையா போர்ட்டல்ல இ-ப்ரொசீடிங்ஸ் போய் அந்த 142(1) நோட்டீஸ், நீங்க போட்ட பதில், அக்னாலெட்ஜ்மெண்ட் எல்லாத்தையும் எறக்குங்க. கட்டுமான செலவ பத்தி கேள்வி கேட்டாரா, நீங்க குடுத்த பில்லுல இண்டீரியர் பில்லும் இருந்துச்சான்னு பாருங்க. இருந்தா நீங்க பலமா நிக்கலாம். ஆர்டர்ல அத பத்தி ஒரு வரி கூட எழுதலயேன்னு பயப்படாதீங்க, ஆர்டர் சுருக்கமா இருக்கறதாலயே தப்பான ஆர்டர் ஆயிடாதுன்னு 1993லயே கேப்ரியல் இந்தியா கேஸ்ல பாம்பே ஹைகோர்ட் சொல்லிருக்கு. கேள்வியே வரல, நீங்களும் மொத்தமா ஒரு ஸ்டேட்மெண்ட் மட்டும் குடுத்தீங்கன்னா கொஞ்சம் கஷ்டம்தான், அப்ப பில்லயும் பேமெண்ட் ஆதாரத்தையும் இப்ப கமிஷனர்கிட்டயே வச்சு, விசாரிச்சிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்னு காட்டணும்.

அடுத்தது தேதி. ஆர்டர் போட்ட நிதியாண்டு முடிஞ்சு 2 வருஷத்துக்குள்ள 263 ஆர்டர் போட்டாகணும், உங்களுக்கு அது 2026 மார்ச் 31. இதுல நிறைய பேர் ஏமாந்துடறாங்க, ஆர்டர் கைக்கு வந்த தேதி கணக்கில்ல, போட்ட தேதிதான் கணக்குன்னு 2021ல சென்னையிலிருந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

பதில்ல ஹியரிங் வேணும்னு எழுத்துல கேளுங்க, உங்க தரப்ப கேக்காம ஆர்டர் போட்டா அது நிக்காது. அப்புறம், எது தப்புன்னு கமிஷனர் தானே ஒரு முடிவுக்கு வரணும், "எனக்கு சந்தேகமா இருக்கு, நீயே போய் திரும்ப பாரு"ன்னு ஆபீசர்கிட்ட தள்ளி விடக் கூடாதுன்னு 2012ல டிஜி ஹவுசிங் கேஸ்ல டெல்லி ஹைகோர்ட் சொன்னதையும் பதில்ல சேர்த்துடுங்க.

இவ்வளவுக்கும் மேல எதிரா ஆர்டர் வந்துச்சுன்னா நேரா ட்ரிப்யூனலுக்கு அப்பீல், ஆர்டர் கிடைச்ச மாசம் முடிஞ்சு 2 மாசம் டைம். "ஆபீசர் புது அசெஸ்மெண்ட் போடட்டும், அப்ப பாத்துக்கலாம்"னு சில ஆடிட்டர்கள் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, 263 ஆர்டர இப்ப எதிர்க்காம விட்டுட்டு, பின்னாடி புது அசெஸ்மெண்ட் அப்பீல்ல போய் 263 செல்லாதுன்னு வாதாடறது ரொம்ப கஷ்டம். ட்ரிப்யூனல்ல அப்பீல் இருக்கறதால மட்டும் ஆபீசரோட புது அசெஸ்மெண்டும் நிக்காது, அவர் அனுப்பற நோட்டீஸுக்கும் தனியா பதில் போட்டுகிட்டே இருக்கணும், அதுல டிமாண்ட் வந்தா அதுக்கு தனி அப்பீல்.