தொப்பிக்கு ஓர் ஒப்பாரி

அன்புள்ள ஐயா,

ரோசினி இசையமைத்த ‘இல் வியாஜ்ஜோ ஆ ரெய்ம்ஸ்’ (ரெய்ம்ஸ் பயணம்) என்ற ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, யூடியூபில் பார்த்தேன். கடைசி விருந்தில் ஜெர்மானியர், ரஷ்யர், ஆங்கிலேயர் எல்லோரும் அவரவர் நாட்டுப் பாணியில் பாடுகிறார்கள். சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் ஓர் இத்தாலியர் பிற நாட்டாரை வரிசையாக நிற்கவைத்துக் கேலி செய்வது சரிதானா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

அந்த விருந்துப் பாட்டுகளில் கேலி ரொம்பக் குறைவு. பத்தாம் சார்ல்ஸ் பிரெஞ்சு மன்னராக முடிசூடியதைக் கொண்டாட, 1825 ஜூனில் பாரிசில் அரங்கேறிய ஓபரா அது. அந்த இடத்தில் எந்த நாட்டைச் சீண்டமுடியும்? ஜெர்மானியப் பிரபு பாடுவது ஆஸ்திரியப் பேரரசருக்காக ஹைடன் மெட்டமைத்த கீதம். ஆங்கிலேயப் பிரபு தனக்குத் தெரிந்தது ஒரே பாட்டுதான் என்று சொல்லி ‘காட் சேவ் த கிங்’ மெட்டை எடுக்கிறார். சின்னக் குத்தல், அவ்வளவுதான்.

கதையில், முடிசூட்டு விழாவுக்காக ரெய்ம்ஸ் நகருக்குக் கிளம்பிய பல நாட்டார் வழியில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான தோன் புரொஃபோந்தோவின் பாட்டில் காரம் கொஞ்சம் கூடுதல். விடுதியில் தங்கியிருப்பவர்களின் உடைமைகளைப் பட்டியல் போடுகிறார். ஸ்பானியரிடம் பாட்டன் பூட்டன் வம்சாவளி, ஜெர்மானியரிடம் இசை ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஆங்கிலேயரிடம் சீனத் தேயிலை, அபின், நாடாளுமன்றம் மூன்று தடவை வாசிக்கவைத்த மசோதாக்கள். (அபின்! 1825இலேயே!) நல்ல பாடகர் கிடைத்தால் ஒவ்வொரு நாட்டுக்காரரின் உச்சரிப்பையும் பிடித்துப் பாடிக் கைதட்டலை அள்ளுவார்.

நிஜமாக அடி வாங்குவது இத்தாலிய ஓபராதான். பாரிஸ் சீமாட்டி ஃபோல்வில்லின் துணிமணி ஏற்றிய வண்டி கவிழ்ந்துவிடுகிறது. சேதி கேட்டு மயங்கி விழுகிறாள். தெளிந்ததும் பாடுகிறாள் பாருங்கள்: மெதுவான நடை, இழுத்து இழுத்து உருகும் குரல், காதலனைப் பறிகொடுத்தவளுக்கு வரவேண்டிய அத்தனை சோகமும். அப்போது வேலைக்காரி ஒரு பெட்டியோடு ஓடிவருகிறாள். ஒரு தொப்பி தப்பித்துவிட்டது! அவ்வளவுதான், பாட்டு வேகமெடுக்கிறது, பிர்காக்கள் கொட்டுகின்றன. முதலில் சோகம், நடுவில் ஒரு சேதி, அப்புறம் துள்ளல் என்பது அன்றைய இத்தாலியக் கதாநாயகிகளின் வாய்ப்பாடு. ரோசினியே எத்தனையோ ஓபராக்களில் அதைப் போட்டவர்.

ரெய்ம்சுக்குப் போகக் குதிரை கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் பதினான்கு குரல்கள் உலகமே இடிந்துவிட்டதுபோல் விக்கித்து நிற்கும் காட்சியும் இதே ரகம்தான்.

சில முறை மேடையேறியதோடு ரோசினி இந்த ஓபராவை நிறுத்திவிட்டார். அதன் இசையில் கணிசமான பகுதியை 1828இல் ‘ல கோம்த் ஓரி’ என்ற தன் இன்னொரு ஓபராவில் சேர்த்துக்கொண்டார். அங்கே இதே தொப்பி மெட்டில் ஒரு சீமாட்டி தன் மனச்சோர்வைப் பாடுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.