லைட்டுல வந்தா சத்தம் இனிக்குமா? ஆப்டிக்கலா கோஆக்சியலா?

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேக்குறாரு: "புதுசா ஸ்டீரியோ ஆம்ப் வாங்கிருக்கேண்ணே, பின்னாடி டிஜிட்டல் சத்தம் உள்ள வர்ற ஓட்டை, ஆப்டிக்கல் ஒண்ணு, கோஆக்சியல் ஒண்ணு இருக்கு. பாட்டு சிடி போடுற பழைய டிவிடி பிளேயர்ல ரெண்டு அவுட்டும் இருக்கு, டிவில ஆப்டிக்கல் மட்டும்தான். மதுரைல ஒரு கடைல கேட்டா, ஆப்டிக்கல் லைட்டுல போறது, சத்தம் தேனா இருக்கும்னு 4,000 ரூபா ஒயர காட்டுறாங்க. வாங்கவா?"

வாங்காதீங்க தம்பி. டிவிக்கு சாதா ஆப்டிக்கல் ஒயர், பிளேயருக்கு கோஆக்சியல், அம்புட்டுதான். ரெண்டுலயும் போறது ஒரே சரக்கு, சோனியும் பிலிப்ஸும் சேந்து போட்ட முறை. கோஆக்சியல்ல கரண்டா போகுது, 1983ல தோஷிபா கொண்டுவந்த ஆப்டிக்கல்ல செவப்பு லைட்டா போகுது. சிடில இருக்கது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அத ரெண்டுமே சுளுவா தூக்கிட்டுப் போயிரும். ஒயர் மோசம்னா சத்தம் விட்டுவிட்டு வரும், இல்ல வரவே வராது, ஆனா பேஸ் கொறையிறதோ கொரல் மங்குறதோ நடக்காது.

இத சொல்லாம தலைல கட்டுறாய்ங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். ஆப்டிக்கல் ஒயர் முனைல தங்க முலாம்னு போட்டு விக்கிறான், லைட்டு போற ஒயருக்கு தங்கம் எதுக்கு? ஸ்பீக்கர் மாட்ட வர்ற ஆளும் கடையும் கமிஷன் பேசி வச்சுக்கிட்டு அதே ஒயரத்தான் ரெகமண்ட் பண்ணுவாங்க. கோஆக்சியலுக்கு வேண்டியது 75 ஓம்ஸ் ஒயர், அத பாக்கெட்டுல ஒழுங்கா போட மாட்டான், தங்கத்த மட்டும் கொட்டை எழுத்துல போடுவான், கேக்க ஒரு ஆள் இல்ல. வீட்டுல பழைய மஞ்சள் கலர் வீடியோ ஒயர் கெடந்தா அதையே மாட்டிப் பாருங்க, அதுவும் 75 ஓம்ஸ்தான், ஒன்றரை மீட்டருக்கு தாராளமா போதும்.

ஒரே ஒரு எடத்துல மட்டும் பிளேயருக்கும் ஆப்டிக்கல் போடணும். கோஆக்சியல் மாட்டுனதும் ஸ்பீக்கர்ல உம்ம்ம்னு ஒரு எரைச்சல் வந்தா, அது எர்த் பிரச்சனை. உங்க பிளேயர் படத்துக்காக டிவில மாட்டிருக்கும், டிவி செட்டாப் பாக்ஸ்ல மாட்டிருக்கும், பாக்ஸுக்கு தெருக்கம்பத்துல இருந்து கேபிள்காரர் இழுத்த ஒயர் வரும், ஆம்ப் வேற மூணு பின்னுல வீட்டு எர்த்துல இருக்கும், இப்படி ரெண்டு பக்க எர்த்தும் உங்க கோஆக்சியல் வழியா சுத்துது. பாக்ஸ்ல இருந்து அந்த கேபிள் ஒயர கழட்டிப் பாருங்க, எரைச்சல் நின்னா அதேதான். ஆப்டிக்கல் பிளாஸ்டிக் இழை, அதுல கரண்டே போகாது, அதனால மாத்துனதும் நின்னுரும். டிவிய ஏற்கனவே ஆம்போட ஆப்டிக்கல்ல மாட்டிருப்பீங்க, ஒரு ஓட்டைதான இருக்கு, அப்ப பாட்டு கேக்கும்போது மட்டும் பிளேயருக்கும் டிவிக்கும் நடுவுல இருக்க ஒயர கழட்டி விட்டாலும் போதும், ஆப்டிக்கலே வேணாம். ஆனா எலக்ட்ரீசியன் வந்து ஆம்ப் பிளக்குல எர்த் பின்ன ஒடச்சா சரியாயிரும்னு சொன்னா விட்றாதீங்க. எரைச்சல் நிக்கலாம், நாளைக்கு ஆம்ப்ல ஷார்ட் ஆனா பாடிய தொட்டவன் கதி என்ன? இதையும் ஒரு வைத்தியம்னு ஊர் பூரா பண்ணிக்கிட்டு இருக்காய்ங்க.

டிவி பக்கம் ஆப்டிக்கல் மாட்டுறப்ப, ஒயரோட ரெண்டு முனைலயும் கடுகு சைசுக்கு கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கண்ணுக்கே தெரியாது, அத உருவிட்டு சொருகுங்க, டக்குனு ஒரு சத்தத்தோட உக்காரணும். ஒயர சுவரு மூலைல மடக்கி அழுத்தாதீங்க, உள்ள இழை ஒடஞ்சிரும். அப்பறம் டிவி செட்டிங்ல டிஜிட்டல் சவுண்ட பிசிஎம்னு வைங்க, அதாவது சுருக்காத சத்தம், சுருக்கி அனுப்புற டால்பில இருந்தா ஸ்டீரியோ ஆம்ப்ல சத்தமே வராது, உடனே ஒயர் போச்சுன்னு மறுபடி கடைக்கு ஓடாதீங்க.