பல துறை, ஒரு கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். வரலாறு, மொழியியல், கணிதம் மூன்றும் பிடிக்கும். எதையும் விட மனம் வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் இளங்கலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னொன்றில் பல துறைகளை இணைத்துப் படிக்கும் லிபரல் ஸ்டடீஸ் பட்டத்துக்கு. அப்பா 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்கிறார். எதையும் முடிவு செய்யத் தெரியாதவர்கள் சேரும் படிப்பு அது என்று உறவினர்களும் சொல்கிறார்கள். நான் எதில் சேரட்டும்?

க.

அன்புள்ள க.,

அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உறவினர்கள் சொல்வதில் இல்லை.

ஒரு துறையில் பட்டம் படிக்கும் மாணவருக்கு எதற்குப் பின் எதைப் படிப்பது என்பதை அந்தத் துறையே வகுத்துக் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டுப் பாடம் முதலாம் ஆண்டுப் பாடத்தின் மேல் நிற்கும். அவர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. பல்துறைப் பட்டத்தில் அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு செமஸ்டரில் உளவியல் அறிமுகம், அடுத்ததில் பொருளியல் அறிமுகம், அதற்கடுத்து மானுடவியல் அறிமுகம். மேல்நிலைப் பாடங்களுக்கு முன்தகுதி கேட்பார்கள். அது இருக்காது, ஆகவே மறுபடியும் ஓர் அறிமுகம். எல்லா வீட்டின் வாசலையும் பார்த்துவிட்டு ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாமல் பட்டம் வாங்கிவிடலாம்.

இது புதிய சிக்கல் அல்ல. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்துக்கொண்டே போய், மாணவர்கள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் முறையை வளர்த்தார். பெரிய விடுதலைதான். ஆனால் பலர் தொடக்கநிலைப் பாடங்களாகவே பொறுக்கிச் சேர்த்தார்கள். அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றவற்றில் பரவலாகவும் படித்தாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் ஏழு கலைகள் கற்பிக்கப்பட்டபோதும் அவற்றுக்கு ஒரு வரிசை இருந்தது. இலக்கணம், தர்க்கம், சொற்கலை மூன்றும் முதலில். கணக்கு, வடிவியல், இசை, வானியல் நான்கும் பின்னர். பரந்து படிப்பதை மதித்தவர்கள் வரிசையையும் மதித்தார்கள்.

இனி, அப்பாவின் பழமொழி எட்டாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மூன்று விருப்பங்களைப் படித்ததும் நினைவுக்கு வந்தவர் ஆலிஸ் கோபர். நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். கிரீட் தீவின் க்னோசோஸில் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900-இல் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் இருந்த எழுத்தை யாராலும் வாசிக்க முடியவில்லை. 'லீனியர் பி' என்று அதற்குப் பெயர். கோபர் அதைக் கையில் எடுத்தார். பகலில் வகுப்பு, இரவில் இந்த வேலை. அதற்காக ஹிட்டைட், அக்காடியன், சமஸ்கிருதம் என்று மொழி மொழியாகக் கற்றார். எந்தக் குறி எந்தக் குறிக்கு அருகில், எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் குறித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகிதம் கிடைக்கவில்லை. வாழ்த்து அட்டைகளின் பின்புறம், தேவாலயச் சுற்றறிக்கை, நூலகச் சீட்டு என்று அகப்பட்டதையெல்லாம் சிறு துண்டுகளாக வெட்டிக் குறிப்பெழுதி சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். சுமார் 1,80,000 துண்டுகள்.

அந்தத் துண்டுகளிலிருந்துதான், மரம், மரத்தை, மரத்தால் என்று நாம் சொல்வதுபோல, சில சொற்கள் அடி மாறாமல் ஈறு மட்டும் மாறி வருவதைக் கண்டுபிடித்தார். எந்த மொழி என்று ஊகிக்காமலேயே அதன் இலக்கணத்தின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டார். 1950-இல் இறந்துபோனார். அவர் போட்ட அடித்தளத்தின் மீது நின்று 1952-இல் அது கிரேக்கம் என்று காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் ஒரு கட்டடக் கலைஞர்; அவருடன் சேர்ந்து அதை நிறுவிய ஜான் சாட்விக் மொழியறிஞர், போரின்போது சங்கேதக் குறிகளை உடைத்த அனுபவம் உள்ளவர்.

கோபர் இத்தனை மொழிகளைக் கற்றது தேர்ந்தெடுக்கத் தெரியாமலா? ஒரே ஒரு கேள்வி அவரை அத்தனை இடங்களுக்கும் இழுத்துப் போயிற்று. உங்களிடம் இப்போது மூன்று விருப்பங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டும் கேள்வி இருக்கிறதா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் இல்லாவிட்டால் குற்றமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அது வந்தாக வேண்டும்.

அது வரும் என்று உங்கள் மனம் சொன்னால் லிபரல் ஸ்டடீஸில் சேருங்கள். சேர்ந்தால் சில சங்கடங்கள் நிச்சயம். கணித வகுப்பில் கணிதமே படிக்கிறவர்கள் உங்களைவிட வேகமாகப் போவார்கள். வரலாற்று வகுப்பில் மற்றவர்கள் உங்களைவிட அதிகம் வாசித்திருப்பார்கள். துறைகளை இணைப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள். மனம் தளர வைக்கும் விஷயம் இது, இதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றில் ஒன்றிலாவது கடைசிப் படிவரை ஏறிவிடுங்கள். உங்களுக்கு அது கணிதத்தில், அதிலும் புள்ளியியலாக இருந்தால் நல்லது என்பது என் எண்ணம்: மொழியியலிலும் வரலாற்றிலும் அது கைகொடுக்கும், தனியாகக் கற்றுக்கொள்வதும் கடினம். முதுகலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தத் துறை எத்தனை பாடங்களை முன்தகுதியாகக் கேட்கிறது என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். கடைசி ஆண்டில் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சேரும் முன்பு அந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒன்று கேளுங்கள். சென்ற ஆண்டு இந்தப் பட்டத்தை முடித்தவர்கள் எழுதிய இறுதியாண்டு ஆய்வேடுகளின் பட்டியல் வேண்டும் என்று கேளுங்கள். தலைப்புகளைப் பார்த்தாலே, அங்கே மாணவர்கள் கேள்வியோடு வெளியே வருகிறார்களா, பாடங்களின் தொகுப்போடு வருகிறார்களா என்பது தெரிந்துவிடும். பட்டியலே இல்லை என்றால் வரலாற்றில் சேர்ந்துவிடுங்கள். கணிதத்தையும் மொழியியலையும் விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசிப் பத்தியை மட்டுமாவது அப்பாவிடம் காட்டுங்கள்.

அன்புடன்