ஈயம் உருக்கும் வீட்டில் கர்ப்பிணி: தலைமுடிச் சோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு நாலு மாதம். மாரிக்குக் கடலுக்குப் போக முடியாததால் கணவர் பழைய பற்றரி ஈயம் வாங்கி, குசினிப் பத்திக்குள் உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிறார். பிள்ளைக்குப் பாதிப்பு வருமா? தலைமுடியைச் சோதித்து ஈயத்தை இறக்க மருந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? மீனிலும் உலோகம் இருக்காம், அதையும் விடவேண்டுமா? (வாசகி, திருகோணமலை)

பதில்: மருந்து வேண்டாம். உருக்குவது இன்றோடு நிற்கவேண்டும்.

ஈயத்தை நச்சுக்கொடி தடுக்காது. தாயின் இரத்தத்தில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்டப் பிள்ளையின் இரத்தத்திலும் இருக்கும். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், நிறை குறைவு, தாய்க்கு இரத்த அழுத்தம் எல்லாம் வரக்கூடும். மூளை வளர்ச்சிக்கு வரும் கெடுதல் பிறந்த அன்று தெரியாது. அதற்காகப் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

எல்லோரும் புகைக்குத்தான் பயப்படுகிறார்கள். சட்டியில் மிதக்கும் சாம்பல் நிறக் கசடு அதைவிட வில்லங்கம். அதைக் கரண்டியால் வழித்து முற்றத்தில் தட்டுவார்கள். காய்ந்து பொடியாகிக் காலிலும் சாரத்திலும் ஒட்டி, சோறு சமைக்கும் இடத்துக்கே வந்துவிடும். பற்றரித் தகட்டில் அப்பியிருப்பதோ தொடக்கத்திலேயே ஈயத் தூள். கூடவே அன்ரிமனியும் சிலவேளை ஆசனிக்கும் இருக்கும். பழைய இரும்புக்காரர் அதையே "சுத்தமான ஈயம்" என்று நிறுத்துத் தருவார். நம்பாதீர்கள். வார்த்த குண்டைக் கடையில் வாங்குங்கள். வலையில் கட்டும்போது குண்டைப் பல்லால் நெரிக்கும் பழக்கத்தையும் கணவர் விடவேண்டும்.

துப்புரவு வேலை உங்களுடையதல்ல. கணவர் கசடையும் மேல்மண்ணையும் தண்ணீர் தெளித்து நனைத்து, அள்ளித் தடித்த பையில் கட்டவேண்டும், கிணற்றடியில் கொட்டக்கூடாது. குசினியைக் காய்ந்தபடி கூட்டினால் தூள் கிளம்பும், ஈரத்துணியால் துடைக்கவேண்டும். அந்தச் சட்டி இனிக் கறிக்கு உதவாது. வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். மண்ணைத் தின்றால் அதில் கலந்த ஈயமும் உள்ளே போகும், அந்த ஆசை உங்களுக்கு இருந்தால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

முடியின்மேல் படிந்த தூசையும் உடம்புக்குள் போன ஈயத்தையும் முடிச் சோதனையால் பிரித்துக் காட்ட முடியாது. உங்கள் வீட்டில் யாருடைய முடியை அனுப்பினாலும் "கூட" என்றுதான் வரும். வியாபாரம் நடப்பதே அதில்தான். நம்பக்கூடியது நாளத்தில் எடுத்த இரத்தத்தில் ஈயம் பார்ப்பது. விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் உள்ள தூசே கணக்கைக் கூட்டிவிடும். கிளினிக்கில் வழமையாக எடுக்கும் இரத்தத்தில் ஈயம் பார்ப்பதில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டும். கணவரின் தொழில் "மீன்பிடி" என்று எழுதியதும் கேள்வி முடிந்துவிடுகிறது. வீட்டில் ஈயம் உருக்குவீர்களா என்று ஒரு வரி கேட்க எவ்வளவு நேரமாகும்?

இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டி. ஈயத்தை இறக்கும் மருந்து இல்லாமலில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு அதை யோசிப்பது 45ஐத் தொட்டால்தான். அப்போதும் பொதுவாக முதல் மூன்று மாதம் கழிந்திருக்கவேண்டும், ஆஸ்பத்திரியில் நிபுணரின் மேற்பார்வை வேண்டும். ஏனென்றால் அந்த மருந்து ஈயத்தோடு உடம்புக்கு வேண்டிய உலோகங்களையும் இழுத்துக்கொண்டு போகும். வட்ஸ்அப்பில் விற்கும் பொடி இந்த விதிவிலக்குக்குள் வராது. 45ஐத் தாண்டியவருக்கும் அது கூடாது. பெயர் ஒட்டாத சித்த மருந்துச் செந்தூரப் போத்தலும் அப்படித்தான், அதற்குள்ளேயே ஈயமோ பாதரசமோ இருக்கக்கூடும்.

உங்களுக்கு உண்மையில் உதவும் மருந்து குடும்பநல உத்தியோகத்தர் இலவசமாகத் தந்த கல்சியம், இரும்புக் குளிசைகள். பலர் வீட்டில் அவை அலுமாரிக்குள் கிடக்கின்றன. கல்சியம் குறைந்தால் தாயின் எலும்பு கரையும், எலும்பில் வருடக்கணக்காய்ப் படிந்த ஈயமும் அதோடு இரத்தத்துக்கு வரும். இரும்புச்சத்துக் குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாய் உறிஞ்சும். இரண்டு குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், கல்சியம் இரும்பைத் தடுக்கும். ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலும் எடுக்கலாம். இரும்புக் குளிசையோடு தேத்தண்ணி கூடாது.

மீனை விடவேண்டாம். மீனில் உள்ளது பாதரசம், அது மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில்தான் கூடுதலாகச் சேரும். சூடை, சாளை, நெத்தலி தாராளமாகச் சாப்பிடலாம். தளப்பத்தும் பெரிய சுறாவும் வேண்டாம். பிள்ளை பிறந்ததும் பால் ஊறச் சுறாப்புட்டு அவித்துத் தருவார்கள். சின்னப் பால்சுறா என்று சொல்லிப் பெரிய சுறாவின் துண்டையே வெட்டி விற்பவர்கள் உண்டு, முழு மீனாகப் பார்க்காமல் வாங்காதீர்கள். பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதால்தான். சுறா இல்லாவிட்டாலும் ஊறும்.