லைசென்ஸ் உங்களுடையது, அங்கீகாரம் கம்பெனியுடையது

கேள்வி: நான் பி1 (இன்ஜின், இயந்திரப் பகுதிகளுக்கான) லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்புப் பொறியாளர். மச்சானுடன் சேர்ந்து சிலேத்தாரில் சின்ன இடம் எடுத்து, விமானத்துக்குள் இருக்கும் ஓவன் அடுப்பு, காபி மேக்கர் போன்றவற்றைப் பழுதுபார்க்கும் தொழில் தொடங்க ஆசை. கம்பெனியைப் பதிந்தாயிற்று. ஓர் ஆலோசகர், கம்பெனியின் வேலைமுறைக் கையேடு முதல் அனுமதி வரை மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: கொடுக்காதீர்கள். அனுமதி தருவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். அது எத்தனை மாதத்தில் வரும் என்று உறுதி சொல்ல வெளியாள் எவருக்கும் அதிகாரம் இல்லை.

ஆணையத்தின் எஸ்ஏஆர் (சிங்கப்பூர் விமானத் தகுதி விதிகள்) வரிசையில் எஸ்ஏஆர்-66 விதியின்கீழ் நீங்கள் வைத்திருப்பது தனிமனித லைசென்ஸ். பழுதுபார்த்த பொருள் மறுபடி விமானம் ஏற வேண்டுமென்றால் கம்பெனிக்கு எஸ்ஏஆர்-145 அங்கீகாரம் வேண்டும். கம்பெனிகளைப் பதியும் அக்ரா ஆணையத்தில் பதிவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பணத்தை ஒதுக்கும் அதிகாரமுள்ள அக்கவுண்டபிள் மேனேஜர் (பொறுப்பு மேலாளர்) ஒருவர், தரத்தைத் தனியாகக் கண்காணிக்க ஒருவர், அளவுத்திருத்தம் (காலிபரேஷன்) செய்த கருவிகள், தயாரிப்பாளரின் நடப்புக் கையேடு, எல்லாம் இருந்தாக வேண்டும். நீங்களே ஸ்பேனர் பிடித்து நீங்களே தணிக்கையும் செய்ய முடியாது.

ஆலோசகர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த, ஆலோசகர் எழுதிய ஒரு கையேட்டின் அடிக்குறிப்பில் வேறொரு கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. அவர்களிடம் இல்லாத பெயின்ட் அறைக்கு ஒரு முழு அத்தியாயம் வேறு! தணிக்கையாளர் ஆலோசகரிடம் கேட்க மாட்டார். மேசையில் வேலை செய்யும் பையனிடம் போய், "இந்த டார்க் ரெஞ்சின் (நட்டை அளவாக முறுக்கும் கருவி) அளவுத்திருத்தம் என்றைக்குக் காலாவதியாகிறது?" என்பார். பையன் விழித்தால் கையேடு வெறும் காகிதம்தான்.

இன்னொரு வகைத் தரகர், "பேப்பரோடு" மலிவான உதிரிபாகம் தருவார். லண்டனில் இயங்கிய ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் சிஎஃப்எம்56 வகை விமான இன்ஜின்களுக்கான பாகங்களைப் போலிச் சான்றிதழோடு விற்றது 2023இல் அம்பலமானது. உலகம் முழுக்க விமானங்களை நிறுத்திப் பாகங்களைத் தேட வேண்டியதாயிற்று. சான்றிதழைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்திடமே நேரில் கேட்டுச் சரிபாருங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற கம்பெனிக்குத் துணை ஒப்பந்தக்காரராக, அதன் தரக் கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்யலாம். அப்போது உங்களுக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. ஆனால் பொருள் மறுபடி விமானம் ஏறலாம் என்று சொல்லும் விடுவிப்புச் சான்றிதழில் கையெழுத்து அவர்களுடையது. உங்கள் பட்டறையை அவர்கள் தணிக்கை செய்வார்கள். அவர்கள் அங்கீகாரம் பெற்றிருக்கும் வேலைவகைக்கு வெளியே நீங்கள் எதையும் தொடக்கூடாது. அவர்களை விட்டு வேறு வாடிக்கையாளரிடம் நேராக வேலை வாங்கினால் விலக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. முதலில் இப்படித் தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

ஏனென்றால் இந்த முறையின் கொடுமை இதுதான்: இடமும் ஆளும் கருவியும் காட்டினால்தான் அங்கீகாரம், அங்கீகாரம் இருந்தால்தான் வாடிக்கையாளர். வாடகை மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். அமெரிக்கப் பதிவு விமானத்தின் பொருள் வந்தால் எஃப்ஏஏ (அமெரிக்க விமான ஆணையம்), ஐரோப்பியப் பதிவு என்றால் இயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) என்று அங்கீகாரம் கேட்பார்கள். ஒரே மேசை, ஒரே ஸ்பேனர், முத்திரை மட்டும் வேறு வேறு. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

என்ன சாதனம், எந்த மாடல் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு ஆணைய அதிகாரிகளை நீங்களே போய்ப் பாருங்கள். தயாரிப்பாளர் கையேடு தருவாரா, என்ன விலை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். குத்தகையில் கையெழுத்து அதற்கப்புறம்.