நிழல் முற்றத்தில் தொட்டிச் செடிகள்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் சிமென்ட் தளமிட்ட சிறு முற்றம் இருக்கிறது. சுற்றுச்சுவர் உயரமானதால் காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே வெயில் விழுகிறது. தொட்டிகளில் வைத்த தக்காளியும் மிளகாயும் ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிட்டன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அதிகச் செலவில்லாமல் அங்கே எதை வளர்க்கலாம்?

பதில்: குறை உங்கள் கைராசியில் இல்லை. காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. அது கிடைக்காதபோது அவை ஒளியைத் தேடித் தண்டை நீட்டுவதிலேயே தம் வலுவைச் செலவழித்துவிடுகின்றன. உரத்தைக் கூட்டினால் இந்த நிலை மாறாது, செடி மேலும் துவளும். ஆகவே இலைக்காக வளர்ப்பவற்றுக்கு மாறிவிடுங்கள். புதினா, வல்லாரை, கற்பூரவல்லி, வெற்றிலைக்கொடி ஆகியவை உங்கள் முற்றத்திற்குப் பொருந்தும். கொத்தமல்லியை மட்டும் வெயில் விழும் ஓரத்தில் வையுங்கள். சுவருக்கு வெள்ளையடித்தால் சிதறி வரும் வெளிச்சம் ஓரளவு கூடும்.

இவற்றுக்கு நாற்று வாங்க வேண்டியதே இல்லை. சமையலுக்கு வாங்கும் புதினாக் கட்டிலிருந்து தடித்த தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால், ஓரிரு வாரங்களில் வேர் விடும். வெற்றிலையும் கற்பூரவல்லியும் கணுவுள்ள துண்டிலிருந்தே பிழைத்துக்கொள்ளும். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள பழைய வாளியோ எண்ணெய் டப்பாவோ போதும். ஆனால் பூச்சிமருந்து இருந்த கலன்களை எத்தனை முறை கழுவினாலும் உண்ணும் செடிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

நிழலில் வளரும் தொட்டிச் செடிகள் வாடி இறப்பதைவிட அழுகி இறப்பதே அதிகம். வெயில் குறைந்த இடத்தில் மண் மெதுவாகவே காய்வதால், நாள்தோறும் கடமைபோல நீரூற்றுபவர்கள் வேரை மூச்சுத்திணற வைக்கிறார்கள். விரலை இரண்டு சென்டிமீட்டர் ஆழம்வரை மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டுமே ஊற்றுங்கள். கலனின் அடியில் நான்கைந்து துளைகள் அவசியம். துளைக்குப் பதிலாகக் கூழாங்கல்லைப் பரப்பும் வழக்கம் பலரிடம் உண்டு. அதனால் பயனில்லை, ஏனெனில் மேலேயுள்ள மண் முழுதும் ஊறி நிரம்பும்வரை நீர் கல்லடுக்குக்குள் இறங்காது, வேருக்கான இடமும் குறைந்துபோகும்.

கேள்வி: மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பலாமா?

பதில்: வேண்டாம். எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது நீரை நெடுநேரம் பிடித்துவைக்கும், சத்தும் மிகக் குறைவு. தோட்ட மண், மக்கிய உரம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, கலவை இறுகினால் சிறிது மணல் சேருங்கள். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை இரண்டு முறை நீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.